கொம்பை நம்பாதீர்கள்: ஒரு காளான் வண்டின் முகவரியும் உறவும்

எந்த உயிரினத்தைப் பற்றிய கையேட்டைப் புரட்டினாலும் இரண்டு சங்கதி தவறாமல் இருக்கும். வரைபடத்தில் வண்ணம் பூசிய ஒரு திட்டு. வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று படிப்படியாக இறங்கும் ஒரு பட்டியல். முதலாவது அந்த உயிர் எங்கே வாழ்கிறது என்று சொல்கிறது. அதற்குப் பரம்பல் என்று பெயர். இரண்டாவது அது யாருக்கு உறவு என்று சொல்கிறது, அது வகைப்பாடு. பள்ளியில் இந்த இரண்டையும் மனப்பாடப் பகுதியாகவே பார்த்துப் பழகிவிட்டோம். அந்தத் திட்டை எதை வைத்துப் பூசினார்கள், பட்டியலில் ஒரு பெயர் ஏன் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று யாரும் சொல்லித் தந்ததில்லை.

இதை விளக்க வருகிறவர்கள் பெரும்பாலும் புலி, யானை என்றுதான் தொடங்குவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. புலி எங்கே இருக்கிறது, பூனைக்கு அது என்ன உறவு என்பதெல்லாம் பார்த்ததுமே தெரிகிற மாதிரி இருக்கும். இதில் என்ன சிக்கல் இருக்க முடியும் என்றே தோன்றாது. சிக்கல் புரிய வேண்டுமானால் ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள, இருட்டில் நடமாடுகிற, மரக்காளானுக்குள் வளர்ந்து வாழ்நாள் முழுக்க அதையே தின்கிற ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படி ஒரு வண்டு வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் இருக்கிறது. அறிவியல் பெயர் பொலிட்டோதீரஸ் கொர்னூட்டஸ். ஆணுக்கு முன்பக்கம் இரண்டு கொம்பு நீட்டிக்கொண்டிருப்பதால் இந்தக் கட்டுரையில் அதைக் கவைக்கொம்பு வண்டு என்று அழைக்கிறேன்.

கோடைக்கால இரவில் டார்ச் லைட்டோடு போனால்தான் இதைப் பார்க்க முடியும். விழுந்து கிடக்கும் பீச் மரத்திலோ பட்டுப்போய் நிற்கும் பிர்ச் மரத்திலோ தட்டுத் தட்டாகக் காளான் வெளியே நீட்டியிருக்கும். அதன் மேல் கறுப்பும் பழுப்புமாக, மேலெல்லாம் மருவும் முண்டுமாக ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். காளானிலிருந்து பெயர்ந்த பொருக்கு என்றுதான் நினைப்போம். அது நகர்ந்தால்தான் வண்டு என்று தெரியும். ஆண் வண்டாக இருந்தால் தலைக்குப் பின்னால் உள்ள மார்புக் கவசத்திலிருந்து இரண்டு கொம்பு முன்னோக்கி வளைந்து தலைக்கு மேல் நீட்டும். கொம்பின் அடிப்பக்கத்தில் மஞ்சள் நிற மயிர் அடர்ந்திருக்கும். தலையின் முன்னால் இன்னொரு சிறு கொம்பும் உண்டு. பெண்ணுக்குக் கொம்பு கிடையாது. அந்த இடத்தில் இரண்டு மேடு மட்டும்தான்.

கையில் எடுத்தால் காலைச் சுருக்கிக்கொண்டு செத்தது போலக் கிடக்கும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அப்படிக் கிடக்கும். பொறுமை நமக்குத்தான் போகும். முகத்துக்கு அருகில் கொண்டுபோய் உற்றுப் பார்த்தால் வேறொன்று நடக்கும். நம் மூச்சுக்காற்று பட்டதும் உடலின் பின்முனையிலிருந்து இரண்டு சுரப்பிகளை வெளியே தள்ளும். அவற்றில் குவினோன் என்ற காரமான, நாற்றமடிக்கும் வேதிப்பொருள் இருக்கிறது. எலி போன்ற சிறு பாலூட்டி மோப்பம் பிடிக்க வரும்போது, அது கடிப்பதற்கு முன்பே எச்சரிக்கும் ஏற்பாடு இது. தாமஸ் ஐஸ்னர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1985-இல் இதை விளக்கினார்கள். இந்தச் சுரப்பியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வகைப்பாட்டுக்கு வரும்போது கொம்பை விட இதுதான் பயன்படப்போகிறது.

முதலில் காளானைப் பற்றிக் கொஞ்சம். மழை பெய்த மறுநாள் முளைத்து இரண்டு நாளில் அழுகிப்போகிற குடைக்காளானை நினைத்துக்கொள்ள வேண்டாம். இவை கட்டையைப் போலக் கடினமானவை. அறுத்தெடுக்க ரம்பம் வேண்டும். சில வகை ஆண்டுக்கு ஓர் அடுக்கு என்று பல ஆண்டு வளரும். கவைக்கொம்பு வண்டு பெரும்பாலும் மூன்று வகைக் காளானை நம்பி வாழ்கிறது: கனோடெர்மா அப்லனாட்டம், ஹெம்லாக் மரத்தில் வரும் கனோடெர்மா சுகே, பிர்ச், பீச் மரங்களில் வரும் ஃபோமெஸ் ஃபொமென்டாரியஸ். கனோடெர்மா என்ற பெயர் தென்னை வைத்திருப்பவர்களுக்குப் பழக்கமானது. 1952-இல் தஞ்சாவூர்ப் பக்கம் முதலில் கவனிக்கப்பட்டு, இன்று தஞ்சாவூர் வாடல் நோய் என்று அழைக்கப்படும் அடித்தண்டு அழுகலுக்குக் காரணம் இதே பேரினத்தைச் சேர்ந்த காளான்தான். நோய் முற்றிய தென்னையின் தூரில் தட்டாக வெளியே வருமே, அதன் சொந்தக்காரக் காளானைத்தான் அமெரிக்காவில் இந்த வண்டு தின்கிறது. ஃபோமெஸுக்கு இன்னும் பழைய கதை உண்டு. ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991-இல் கண்டெடுக்கப்பட்ட, சுமார் 5,300 ஆண்டுக்கு முந்தைய மனிதனின் உடைமைகளில் அது இருந்தது. நெருப்புப் பற்றவைக்க அதன் சதை பஞ்சாகப் பயன்படும்.

பெண் வண்டு காளானின் மேற்பரப்பில் முட்டையைத் தனித்தனியாக இடும். ஒவ்வொரு முட்டையையும் கறுத்த கழிவுப் பொருளால் மூடிவிடும். பார்க்கிறவர் கண்ணுக்கு அது வெறும் கறுப்புப் பொட்டு. வெளிவரும் புழு நேராகக் கீழே துளைத்து உள்ளே போகும். உள்ளேயே தின்று, வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, முழு வண்டாகத்தான் வெளியே வரும். வெளியே வந்த பிறகும் பெரும்பாலும் அதே மரத்தை விட்டுப் போகாது. வண்டாகப் பல ஆண்டு உயிரோடு இருக்கும் என்பது இந்த அளவுப் பூச்சிக்குப் பெரிய ஆயுள்.

இனி உறவு விவகாரம்.

இந்த வண்டை முதன்முதலில் பெயரிட்டு விவரித்தவர் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகர மருத்துவர் பான்சர். ஆண்டு 1794. அவர் இதை ஓபட்ரம் என்ற பேரினத்தில் சேர்த்தார். ஓபட்ரம் வண்டுகள் ஐரோப்பாவில் மணல் தரையில் ஊர்ந்து திரிகிறவை. கறுப்பு, சொரசொரப்பான முதுகு, ஏறக்குறைய அதே அளவு. அன்றைக்கு இருந்த பெட்டிகளில் அதுதான் பொருந்தியது. நான்கு ஆண்டு கழித்து, 1798-இல், ஃபாப்ரிசியஸ் இதே வண்டுக்கு பைஃபர்கம் என்று இன்னொரு பெயர் வைத்தார். அவர் அந்தக் காலத்துப் பூச்சியியலில் பெரிய புள்ளி. ஆனாலும் விதி விதிதான்: முதலில் அச்சேறிய சரியான பெயரே நிற்கும். அதனால் பான்சரின் கொர்னூட்டஸ் நிலைத்தது, ஃபாப்ரிசியஸின் பெயர் பழைய நூல்களில் மட்டும் தட்டுப்படுகிறது. 1861-இல் பெல்ஜியத்தின் கான்டெஸ் இந்த வண்டுக்குப் பொலிட்டோதீரஸ் என்று தனிப் பேரினமே அமைத்தார்.

இந்த வரலாறு முழுவதும் பெயரை எழுதும் முறையிலேயே ஒளிந்திருக்கிறது. பட்டியல்களில் இந்த வண்டின் பெயருக்குப் பின்னால் '(பான்சர், 1794)' என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பார்கள். அழகுக்காகப் போட்டதென்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவோம். அடைப்புக்குறி இருந்தால், அந்த ஆள் இதை வேறொரு பேரினத்தில் வைத்துத்தான் பெயரிட்டார், பிறகு இடம் மாறியிருக்கிறது என்று பொருள். குறி இல்லாவிட்டால் பிறந்த வீட்டிலேயே இருக்கிறது. தாவரப் பட்டியல்களில் இந்த வழக்கம் சற்று வேறு மாதிரி. விலங்குகளுக்கு இதுதான் விதி.

பேரினத்துக்கு மேலே போனால் குடும்பம். கவைக்கொம்பு வண்டு டெனெப்ரியோனிடே என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. 20,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இதில் இருக்கின்றன. இந்தக் குடும்பத்தில் ஒரு ஆளை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். மைதாவையோ ரவையையோ நாள்பட வைத்திருந்து டப்பாவைத் திறந்தால் செம்பழுப்பாக ஓடுமே, அந்தச் சிவப்பு மாவு வண்டு, டிரைபோலியம் காஸ்டானியம். (அரிசியில் வரும் மூக்கு நீண்ட வண்டு வேறு குடும்பம்; இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) வண்டுகளிலேயே முதன்முதலில், 2008-இல், முழு மரபணுத் தொகுதி வெளியிடப்பட்டதும் இந்த மாவு வண்டுக்குத்தான்.

மாவு வண்டையும் கவைக்கொம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாரும் உறவென்று சொல்ல மாட்டார்கள். ஒன்று மூன்று நான்கு மில்லிமீட்டர், வழுவழுப்பு, கொம்பில்லை. மற்றது முண்டும் முடிச்சுமாகக் கொம்போடு. பிறகு எதை வைத்து ஒரே குடும்பம் என்கிறார்கள்?

காலைத் திருப்பிப் பாருங்கள். வண்டின் காலில் கடைசிப் பகுதி, அதாவது பாதம், சின்னச் சின்னக் கணுக்களால் ஆனது. டெனெப்ரியோனிடே குடும்பத்தில் முன்காலில் 5, நடுக்காலில் 5, பின்காலில் 4 என்று கணுக்கள் இருக்கும். விதிவிலக்கு மிகச் சில. உருப்பெருக்கியில் எண்ணிப் பார்க்கும் யாரும் இதைச் சரிபார்க்கலாம். அடுத்தது உணர்கொம்பு தொடங்கும் இடம். இந்தக் குடும்பத்தில் தலையின் பக்கவாட்டு விளிம்பு கூரை போல நீண்டு அந்த இடத்தை மறைத்திருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. இந்த இரண்டும் மாவு வண்டிலும் உண்டு, கவைக்கொம்பிலும் உண்டு.

அதற்கும் உள்ளே போனால் சுரப்பி வருகிறது. 1980, 1982-ஆம் ஆண்டுகளில் சிங்கெல், டோயென் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இந்தக் குடும்பத்து வண்டுகளை அறுத்து, பாதுகாப்புச் சுரப்பி, பெண்ணின் முட்டையிடும் உறுப்பு, உள் இனப்பெருக்கக் குழாய் ஆகியவற்றை ஒப்பிட்டார்கள். வெளித்தோற்றத்தில் குழப்பியடித்த பல குழுக்கள் இந்த உள்ளுறுப்புகளை வைத்துப் பார்த்ததும் தெளிவாகப் பிரிந்தன. நம் மூச்சுக் காற்றுக்கு வெளியே எட்டிப் பார்க்கிறதே, அந்தச் சுரப்பி எங்கிருந்து புறப்படுகிறது, எப்படித் திறக்கிறது என்பதில் உறவுமுறைக்குச் சாட்சி இருக்கிறது.

கொம்புக்கு என்ன குறை என்று கேட்பீர்கள். கண்ணில் முதலில் படுவது அதுதானே. குறை என்னவென்றால், அது பலமுறை தனித்தனியாகத் தோன்றிய சரக்கு. இதே கிழக்கு அமெரிக்கக் காட்டில், மரக்காளானிலேயே, நியோமிடா பைகோர்னிஸ் என்று ஒரு வண்டு வாழ்கிறது. பச்சை நீலமாக மின்னும் முதுகு. ஆணின் தலையில் கொம்பு. குடும்பம் டெனெப்ரியோனிடேதான், ஆனால் துணைக்குடும்பம் டயபெரினே. நம் வண்டு டெனெப்ரியோனினே துணைக்குடும்பத்தில், பொலிட்டோஃபாஜினி என்ற குலத்தில் வைக்கப்படுகிறது. குலம் என்பது துணைக்குடும்பத்துக்கும் பேரினத்துக்கும் நடுவில் ஒரு படி. இன்னும் தள்ளி, சீயிடே என்று வேறொரு குடும்பமே இருக்கிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான், வாழ்வது மரக்காளானில், பல இனங்களில் ஆணுக்குத் தலையிலோ மார்பிலோ கொம்பு. பாதக் கணுக்களை எண்ணினால் 4, 4, 4. கதை முடிந்தது.

ஒரே காளான் தட்டில் மூன்று கொம்பன்கள். மூன்றும் மூன்று வழி வந்தவை. ஏன் இங்கே மட்டும் இத்தனை கொம்பு என்பது சுவாரஸ்யமான கேள்வி. காளான் தட்டு சின்ன இடம். பெண் வண்டுகள் அங்கேதான் வந்து கூடும். ஓர் ஆண் அந்த இடத்தை மறித்துக்கொண்டு மற்றவனைத் தள்ளிவிட முடியும். கவைக்கொம்பு ஆண்கள் கொம்பை எதிராளியின் அடியில் கொடுத்து நெம்பி, காளானிலிருந்து கீழே உருட்டிவிடப் பார்க்கும். பெரிய கொம்புள்ளவன்தான் அதிகமாக ஜெயிக்கிறான். ஆணுக்கு ஆண் கொம்பின் நீளம் வெகுவாக மாறும்; சிலருக்குக் கொம்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இருக்காது. புழுவாக இருந்தபோது எவ்வளவு நல்ல தீனி கிடைத்தது என்பதைப் பொறுத்து உடலின் அளவு அமைகிறது, உடலைப் பொறுத்துக் கொம்பு. ஆக, கொம்பு சொல்வது வண்டு எப்படிப் பிழைக்கிறது என்ற கதையை. யாருடைய வழித்தோன்றல் என்று கேட்டால் அது பெரும்பாலும் தவறான பதிலைத் தரும். தொடக்கநிலையில் இருப்பவர்கள் வகைப்பாட்டில் கற்க வேண்டிய ஒன்றை மட்டும் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன்: எது பிழைப்புக்கு நேரடியாக உதவுகிறதோ, அது சீக்கிரம் மாறும், பல இடத்தில் ஒன்றுபோலவே தோன்றும். உறவைத் தேட, யாருக்கும் பெரிதாகப் பயன்படாதது போலத் தோன்றும் கணுவையும் விளிம்பையும் எண்ண வேண்டும்.

பட்டியல் இத்துடன் உறுதியாகிவிட்டதா என்றால், இல்லை. டெனெப்ரியோனினே என்ற துணைக்குடும்பம் ஒரே மூதாதையின் வழிவந்த கூட்டமாக இல்லை என்று 2014-இல் வெளியான டிஎன்ஏ ஆய்வு காட்டியது. பொலிட்டோஃபாஜினி எங்கே போய் உட்காரும் என்பது இனிமேலும் மாறலாம். கையேட்டில் உள்ள படிவரிசையை இன்றைய தேதியிட்ட கருத்து என்று படித்தால் ஏமாற்றம் இருக்காது.

இப்போது வரைபடம்.

கவைக்கொம்பு வண்டின் பரம்பலைக் காட்டும் படத்தில் வட அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் பெரிய திட்டு பூசியிருக்கும். வடக்கே கனடாவின் தென்கிழக்கு மாகாணங்கள், நோவா ஸ்கோஷியா உட்பட. தெற்கே ஃபுளோரிடாவின் வடபகுதி வரை. மேற்கே பெரும் புல்வெளிகள் தொடங்கும் இடத்துக்கு முன்னால் திட்டு முடிந்துவிடும். இதைப் பார்க்கிறவர் மனதில், அந்த நிலம் முழுக்க வண்டு நிரம்பியிருக்கிறது என்ற எண்ணம்தான் வரும்.

திட்டு உருவான விதத்தைப் பார்ப்போம். அடிப்படை, அருங்காட்சியகங்களில் ஊசி குத்தி வைத்திருக்கும் வண்டுகள். ஒவ்வொரு ஊசியிலும் வண்டுக்குக் கீழே ஒரு சின்னச் சீட்டு: இடம், தேதி, பிடித்தவர் பெயர். சீட்டில்லாத வண்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் பரம்பல் ஆய்வுக்குச் செல்லாக்காசு. இந்தச் சீட்டுகளை வரைபடத்தில் புள்ளிகளாக வைத்து, புள்ளிகளைச் சுற்றிக் கோடு இழுத்து, உள்ளே வண்ணம் பூசுகிறார்கள். இப்போது பொதுமக்கள் எடுத்துப் பதிவேற்றும் படங்களும் சேர்கின்றன. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் இந்த வண்டின் பதிவுகள் நிறையவே உண்டு. எந்த வகையில் வந்தாலும் புள்ளிக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. வண்டு இருந்த இடத்தைச் சொல்வதோடு, ஆள் போய்த் தேடிய இடத்தையும் சேர்த்துத்தான் அது சொல்கிறது. பல்கலைக்கழகத்தைச் சுற்றியும் நடைபாதையின் ஓரத்திலும் புள்ளிகள் குவியும். இரவில் வெளிவரும், பொருக்கு போலத் தெரியும், தொட்டால் செத்தது போலக் கிடக்கும் ஒரு பூச்சிக்கு 'பதிவு இல்லை' என்பது 'அங்கே இல்லை' என்று ஆகாது.

திட்டின் மேற்கு விளிம்பு ஏன் அங்கே நிற்கிறது? காளான் தீர்ந்துபோயிருக்கும் என்பது முதலில் தோன்றும் பதில். அது சரியில்லை. கனோடெர்மா அப்லனாட்டம் பசிபிக் கரையோரக் காடுகளிலும் தாராளமாக முளைக்கிறது. சோறு அங்கே இருக்கிறது, சாப்பிடுகிறவன் இல்லை. நடுவில் மரமில்லாத புல்வெளி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கிடக்கிறது. நடந்தே பிழைக்கும் வண்டுக்கு அது பெரிய தடை. இதற்கு இறக்கை இருக்கிறது, ஆனால் அநேகமாகப் பறப்பதே இல்லை. 1794-இல் பெயர் பெற்ற வண்டு பறந்ததாக முதல் குறிப்பு அச்சானது 1999-இல்தான் என்றால் எவ்வளவு அபூர்வம் என்று பாருங்கள். மேற்குக் கரையில் காளான் தின்னும் வேலையை அதே குலத்தைச் சேர்ந்த வேறு ஆட்கள் பார்க்கிறார்கள். மெகலியேட்டஸ் செகோயாரம் அதில் ஒன்று. சோறும் தட்பவெப்பமும் பொருந்தியிருந்தால் மட்டும் ஓர் உயிர் ஓரிடத்தில் இருந்துவிடாது. அங்கே அது போய்ச் சேர்ந்திருக்கவும் வேண்டும்.

திட்டின் உள்ளே போனால் கதை இன்னும் மாறுகிறது. காடு முழுக்க மரம் இருக்கலாம், ஆனால் வண்டுக்கு வேண்டியது காளான் பிடித்த மரம். அப்படி விழுந்து கிடக்கும் ஒவ்வொரு மரமும் அதற்கு ஓர் ஊர். பிறப்பு, கல்யாணம், சண்டை எல்லாம் அந்த ஊருக்குள்தான். அடுத்த ஊர் ஐம்பது மீட்டர் தள்ளி இருக்கலாம். நடுவில் உள்ள சருகுத் தரையில் அதற்குத் தின்ன எதுவும் கிடையாது. ஆய்வாளர்கள் வண்டின் முதுகில் சின்ன எண் சீட்டை ஒட்டி விட்டுவிட்டு, மறுபடி மறுபடி வந்து தேடிப் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலான வண்டுகள் விட்ட மரத்திலேயே அகப்பட்டன. சில மட்டும் அடுத்த மரத்துக்குப் போயிருந்தன.

ஆனால் இந்த ஊர்களுக்கு ஆயுள் குறைவு. காளான் மரத்தை மக்க வைத்துக்கொண்டே இருக்கிறது. சில ஆண்டுகளில் மரம் தூளாகும், காளான் வற்றும், ஊர் காலியாகும். அதற்குள் வேறெங்கோ இன்னொரு மரம் விழுந்து, காளான் பிடித்து, யாராவது சில வண்டுகள் நடந்தோ அரிதாகப் பறந்தோ அங்கே குடியேறியிருக்க வேண்டும். இப்படிச் சிறு கூட்டங்கள் அழிவதும் புதிதாகத் தோன்றுவதுமாக மொத்தத்தில் ஓர் இனம் நீடிப்பதைச் சூழலியலில் கூட்டங்களின் கூட்டம் என்ற பொருளில் மெட்டாபாப்புலேஷன் என்பார்கள். கையேட்டின் திட்டுக்குள் நிஜத்தில் இருப்பது, இடம் மாறிக்கொண்டே இருக்கும் இந்தப் புள்ளிகள்தான்.

இது வெறும் கற்பனைக் கணக்கு இல்லை என்று காட்டியதில் மைக்கேல் விட்லாக்கின் 1992 ஆய்வுக்கு முக்கிய இடம் உண்டு. வர்ஜீனியா மலைப்பகுதியில், மவுண்டன் லேக் உயிரியல் நிலையத்தைச் சுற்றியுள்ள காட்டில், மரம் மரமாக வண்டுகளின் மரபு வேறுபாட்டை அளந்தார். புதிதாகக் குடியேறிய கூட்டங்கள் ஒன்றுக்கொன்று அதிகம் வேறுபட்டன. பழைய கூட்டங்களுக்கு இடையே வேறுபாடு குறைவு. காரணத்தை யோசித்தால் விளங்கும். புது மரத்துக்கு முதலில் போய்ச் சேருவது இரண்டு மூன்று வண்டுகள். அவை எதைக் கொண்டு வந்தனவோ அதுதான் அந்த மரத்தின் மொத்த மரபுச் சொத்து. அடுத்த மரத்துக்குப் போன இரண்டு மூன்றும் வேறு எதையோ கொண்டுபோயிருக்கும். காலம் போகப் போக மேலும் சிலர் வந்து சேர, வேறுபாடு மங்குகிறது. ஒரே காட்டில், நடந்து போகும் தூரத்தில், மரத்துக்கு மரம் இப்படி மாறும் என்பதை எந்த வண்ணத் திட்டும் காட்டாது.

அட்லாண்டிக்கைத் தாண்டினால் ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ஜோடி ஒன்று கிடைக்கிறது. வட ஐரோப்பாவில் ஃபோமெஸ் காளானில் வாழ்வது பொலிட்டோஃபேகஸ் ரெட்டிகுலேட்டஸ். லின்னேயஸ் 1767-இல் பெயரிட்டது, கவைக்கொம்பின் அதே குலம், கொம்பில்லை. ஐரோப்பாவிலிருந்து சைபீரியாவைக் கடந்து கிழக்கு ஆசியா வரை பரவியிருக்கிறது. இதன் பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு சிற்றினம், பொலிட்டோஃபேகஸ் கோர்ட்டிகோலா, அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம் கவைக்கொம்பு வாழும் காடுகளிலேயே இருக்கிறது. நார்வேயில் துண்டு துண்டாகச் சிதறிய காடுகளில் ருக்கே, மிட்கார்ட் என்ற இருவர் மரம் மரமாகத் தேடி 1998-இல் எழுதினார்கள்: ஒரு மரத்தில் காளான் தட்டுகள் எத்தனை இருக்கின்றன, வண்டு இருக்கும் இன்னொரு மரம் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பவையே அங்கே வண்டு இருக்குமா என்பதைத் தீர்மானிக்கின்றன. தொலைவில் தனியாக நிற்கும் மரம், எவ்வளவு நல்ல காளான் பிடித்திருந்தாலும், காலியாகவே கிடக்கலாம்.

அதே காளானில் ஸ்வீடனில் இன்னொரு வண்டு வாழ்கிறது, ஓப்லோகெஃபாலா ஹெமராய்டாலிஸ். தீனி அதே, மரம் அதே. ஆனால் உறவில் இது டயபெரினே, அதாவது அமெரிக்காவின் நியோமிடா பக்கம். ரெட்டிகுலேட்டஸ் பரவலாகக் கிடைக்கும் வண்டு. ஓப்லோகெஃபாலாவோ அழியும் ஆபத்தில் உள்ளதாகப் பட்டியலிடப்பட்டது. காளான் பிடித்த மரங்கள் நெடுங்காலம் விட்டுப்போகாமல் கிடைத்துவந்த சில இடங்களில்தான் அது எஞ்சியிருக்கிறது. காட்டைச் சுத்தம் செய்கிறோம் என்று பட்ட மரங்களை இழுத்துப்போட்டு அப்புறப்படுத்தும் வழக்கம், பொதுவான வண்டுக்குக் கொஞ்சம் இடைஞ்சல், இதற்கு ஊரே இல்லாமல் போவது. சில ஆண்டு கழித்து அங்கே மறுபடி மரங்கள் பட்டு நின்று காளான் பிடிக்கலாம். ரெட்டிகுலேட்டஸ் எங்கிருந்தாவது வந்து சேர்ந்துவிடும். மற்றதற்கு, வருவதற்குப் பக்கத்தில் யாராவது மிஞ்சியிருக்க வேண்டும்.

ஆகவே ஒரு வண்டின் படத்தைப் பதிவேற்றும்போது நான்கு விஷயம் இருந்தால் பரம்பல் பார்க்கிறவருக்கும் வகைப்பாடு பார்க்கிறவருக்கும் ஒருசேரப் பயன்படும். எடுத்த இடமும் தேதியும். எந்தக் காளான், அது எந்த மரத்தில் இருந்தது. மேலிருந்து ஒரு படம், முடிந்தால் அடிப்பக்கமும் காலும் தெரிய இன்னொன்று. ஆணும் பெண்ணும் இருந்தால் இரண்டும். பெரும்பாலான பதிவுகளில் கொம்பு மட்டும் அழகாக, பளிச்சென்று விழுந்திருக்கும். பாதம் காளானுக்குள் புதைந்திருக்கும்.